மக்காச்சோளம் தின்ற பன்றி

செவலை என்றொரு வெள்ளாடு இருந்தது. ஒருநாள் அது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, எசமான் குருவையாவின் மக்காச்சோளத்தில் பாதியைத் தின்று தீர்த்தது. முதுகு வீங்க அடியும் வாங்கியது. தின்றதற்குத்தானே அடி என்று அது மனசைத் தேற்றிக்கொண்டது.

மறுநாள் பயிர்ச்சேதம் பார்க்க ஓர் அதிகாரி வந்து வயலைப் போட்டோ எடுத்தார். "ஆடு மாடு மேஞ்சா நிவாரணம் கிடையாது. காட்டுப்பன்னின்னா உண்டு. எது மேஞ்சது?"

குருவையா செவலையை ஒரு பார்வை பார்த்தார். "பன்னிதாங்க ஐயா. கூட்டமா வந்துச்சு."

செவலை சுற்றுமுற்றும் பார்த்தது. ஒரு பன்றியையும் காணோம்.

சாயங்காலம் ஓடைப்பக்கம் காட்டுப்பன்றியைப் பார்த்ததும் கேட்டது: "அண்ணே, எங்க சோளத்தை நீங்களா மேஞ்சீங்க?"

"அந்தப் பக்கமே நான் வரல தாயி. இந்த ஊர்ல எல்லா வயலையும் நான்தான் மேஞ்சேன்னு சொல்றாங்க. எனக்கு இருக்கிறது ஒரு வயிறு."

நிவாரணம் வந்த அன்று குருவையா ஒரு கட்டு அகத்திக்கீரையைக் கொண்டுவந்து செவலை முன்னால் போட்டு, தான் அடித்த முதுகைத் தடவிக்கொடுத்தார். எதற்கென்று செவலைக்கு விளங்கவில்லை.

அடுத்த வெள்ளாமை இடுப்புயரம் வளர்ந்திருந்தது. குருவையாவே கயிற்றை அவிழ்த்து, செவலையை வயலுக்குள் தள்ளினார். "போ தாயி, நல்லா மேயி."

வாய்க்கு எட்டும் தூரத்தில் பச்சைத் தோகை ஆடியது. செவலை அதில் வாய் வைக்காமல் அவரைத் திரும்பிப் பார்த்தது.

"எசமான், இன்னிக்கு நான் ஆடா, பன்னியா?"