ஆணியில் தொங்கும் சாவிகள்

வீட்டைப் பறிகொடுத்து வருகிறவர்கள், ஜெயிக்கும்வரை தங்கள் சாவியைச் சட்ட உதவி மையத்துச் சுவரில் மாட்டிவைப்பது அங்கே எழுதாத சட்டம். குருவம்மாளின் சாவி பதினோரு வருடமாகத் தொங்குகிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து, துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டுப் போவாள். இன்றும் தடவிக்கொண்டிருந்தபோதுதான் வக்கீல் பெனிட்டா கறுப்பு அங்கி பறக்கக் கோர்ட்டிலிருந்து ஓடிவந்து மாடிப்படியிலேயே கத்தினாள்.

"அக்கா, வீடு உங்களுக்குத்தான்! சாவிய எடுங்க!"

டைப்பிஸ்ட் ஞானசுந்தரி விசிலடித்தாள். பெனிட்டாவுக்கு இது முதல் ஜெயம்; கால் தரையில் பாவவில்லை. குருவம்மாள் சாவியைக் கழற்றி இடுப்பில் செருகினாள். ஆனால் நகரவில்லை.

"ஆட்டோ நிக்குதுக்கா, வாங்க!"

"இரு கண்ணு." எண்ணெய் விரலைப் பக்கத்துச் சாவியில் வைத்தாள். "இந்தச் சாவிக்காரங்களையும் நாளைக்கே 'சாவிய எடுங்க'ன்னு கூப்பிட்டுட்டா? பூட்டு சட்டுனு திறக்கணும்ல?"