மேட்டில் ஜெயித்த லோரி

தோட்டத்தில் தீயணைப்பு லோரிகள் இரண்டு. இரண்டுமே பழசு. எழுபத்தெட்டாம் வருஷம் தோட்டத்து மேனேஜர் துரை, "ஒன்றை விற்றுவிடு" என்று உத்தரவு போட்டார். எதை விற்பது என்று முடிவு செய்யும் பொறுப்பு ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சூசைமுத்துவின் தலையில் விழுந்தது.

சூசைமுத்து ஒரு போட்டி வைத்தார். தேயிலை மேட்டில் எது முதலில் ஏறுகிறதோ, அது தோட்டத்துக்கு.

டிரைவர் தங்கையாவின் லோரி துள்ளிக்கொண்டு ஏறியது. கந்தசாமியின் லோரி பாதி மேட்டில் முக்கி முனகி நின்றுவிட்டது.

"இன்னொரு தடவ பாக்கலாங்கய்யா," என்றான் கந்தசாமி.

"நீ வர்ற வரைக்கும் நெருப்பு காத்துக்கிட்டு இருக்குமா லா?"

கந்தசாமியின் லோரியைப் பக்கத்து ஊரான திரிங்காப்பின் முட்டைக்கோஸ் தோட்டக்காரர் வாங்கிப் போனார்.

அடுத்த மாதம் சூசைமுத்துவின் வீட்டு விறகுக் கொட்டகை தீப்பிடித்தது. தங்கையாவின் லோரி மணியடித்துக்கொண்டு இரண்டே நிமிடத்தில் வந்து நின்றது. சூசைமுத்து பெருமையாக மீசையைத் தடவினார். குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

"தண்ணி எங்கடா?"

"டாங்கி ஓட்டைங்கய்யா. ரெண்டு வருசமா காலியாத்தான் ஓடுது."

"அப்ப, அன்னிக்கு மேட்டுல?"

"அன்னிக்கும் காலிதாங்க. கந்தசாமிதான் கூறுகெட்டவன், டாங்கி முட்ட ரொப்பிக்கிட்டு வந்தான்."

லயத்து வீடுகளின் ஜனங்கள் வாளி வாளியாக ஊற்றி நெருப்பை அணைத்தார்கள். கொட்டகை மிஞ்சவில்லை. முகமெல்லாம் கரியோடு மனைவி ஐவி கத்தினாள்.

"எந்த மடையன் இத வச்சிக்கிட்டு அத வித்தான்?"

சூசைமுத்து வாளியைக் கீழே வைத்தார்.

"காலையில நீ தோசை சுட்டுக் குடுத்தியே, அந்த மடையன்தான்."