பர்ல் கொண்டு வந்த துருக் கம்பி

"அல்பத்துல ரெண்டு வகை இருக்குய்யா. சாதா அல்பம் ஒண்ணு. நம்ம பர்ல் ஒண்ணு!"

ராஸ்கோ வாயைத் திறந்தா இப்படித்தான். முடி வெட்டுற கடை வெச்சிருக்கான். கத்திரிக்கோலை விட நாக்குதான் ஜாஸ்தி வெட்டும்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம். விடிஞ்சா மான் வேட்டை ஆரம்பம். மேற்கு வர்ஜீனியாவுல அதுக்குப் பள்ளிக்கூடமே லீவு விட்டுடுவாங்கன்னா பாத்துக்குங்க. மலையடிவாரத்துல எங்க நாலு பேரோட மரக் கேபின். நான் அடுப்புல பீன்ஸ் கிண்டிக்கிட்டு இருக்கேன்.

மேசையில டென்சில். நிலக்கரிச் சுரங்கத்துல நாப்பது வருஷம் மிஷின் ரிப்பேர் பாத்தவர். முன்னாடி ஒரு பெரிய பிளாஸ்டிக் பை. அதுக்குள்ள தொடைக்கக் கழட்டின துப்பாக்கி, அதுக்குள்ளயே அவரோட ரெண்டு கை.

பை ஏன்னா, துப்பாக்கியோட முன்பக்கம் ஒரு ஸ்ப்ரிங் போகும், அது தலையில அரிசி மாதிரி ஒரு குட்டி ஆணி. ரெண்டையும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே, துப்பாக்கியைக் கோக்கிற பெரிய ஆணியைச் சொருகணும். நழுவுச்சோ, டிங்! பையில்லாட்டி அடுத்த மாவட்டத்துல போய்த் தேட வேண்டியதுதான்.

டிங்!

"ஆறாவது தடவை," ராஸ்கோ எண்ணினான். "அண்ணே, நாளைக்கு மானுக்கு ஸ்ப்ரிங்காலயே குறி வெச்சிருங்க."

டென்சில் சிரிக்கல. விரல் முட்டி ஒவ்வொண்ணும் வால்நட் கொட்டை மாதிரி வீங்கிக் கிடக்கு. முடக்குவாதம். சுடறதுக்கு ஒரு விரல் போதும். இந்த அரிசியை அமுக்க பத்து விரலும் வேணுமே!

நாங்க மாட்டிக் கொடுத்தா என்னன்னு கேப்பீங்க. முடியாது. கேபின்ல ஒரு சட்டம் இருக்கு. அவனவன் துப்பாக்கியை அவனவனே மாட்டணும். மாட்ட முடியாதவன் மலையேறக் கூடாது, கீழ உக்காந்து வெங்காயம் உரிக்கணும். கடையில விக்கிற கருவியும் தொடக் கூடாது. நூல்கண்டு, ஆணி, ஐஸ் குச்சி, எதை வேணா வெச்சு மாட்டிக்கோ. "கருவியைக் கடையில வாங்கறவன் கறியையும் கடையிலயே வாங்கிக்கட்டும்!"

இருபது வருஷத்துக்கு முன்னாடி இதைச் சொன்னது யாருன்னு நினைக்கிறீங்க? இதே டென்சில்தான்.

டிங்!

"வெங்காயம் எங்கடா இருக்கு?" டென்சில் மெதுவா கேட்டார். எனக்குக் கரண்டி ஓடல.

அப்பதான் கதவைத் தள்ளிக்கிட்டு பர்ல் வந்தான். டென்சில் பொண்டாட்டியோட தம்பி. கையில ஒரு துருப்பிடிச்ச கம்பி, நடுவுல ஓட்டை, பிடியில தடிமனா கறுப்பு டேப்பு.

"மாமா, இதை வெச்சுப் பாருங்க. பழைய கேட்டு கீல்ல இருந்து நானே செஞ்சேன்."

ராஸ்கோவுக்குப் பண்டிகை வந்த மாதிரி. "செஞ்சியா? தோண்டி எடுத்த மாதிரில்ல இருக்கு! டவுன்ல இதே கருவியை செவப்புப் பிடி போட்டு பளபளன்னு விக்கிறான். சட்டம் கிடக்கட்டும், மாமனுக்கு அதுல ஒண்ணு வாங்கித் தர மனசு வருதா பாரு. குப்பையைச் சுரண்டிக்கிட்டு வந்து நிக்கிறான்!"

"இருக்கறதை வெச்சு செஞ்சேன்."

"'இருக்கறதை வெச்சு செஞ்சேன்!'" பர்ல் மாதிரியே மூக்கால பேசினான் ராஸ்கோ. "அது என்னடா உன் மேல புளிச்ச நாத்தம்?"

"வினிகர். வெள்ளரிக்கா ஊறுகா போட்டேன்."

"ஊறுகாயை மட்டும் கொண்டு வரலையாக்கும்? அதான் பர்ல்!"

பர்ல் கையை ஜோப்புக்குள்ள விட்டுக்கிட்டான்.

டென்சில் கம்பியை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பாத்தார். டேப்போட ஓரத்தை நகத்தால நெருடினார். அப்புறம் பைக்குள்ள கையை விட்டார்.

ஓட்டை வழியா ஸ்ப்ரிங் போச்சு. குட்டி ஆணி போச்சு. தடிமனான பிடியை அந்த வீங்கின விரல்ல பிடிச்சு ஒரு திருப்பு திருப்பினார். பெரிய ஆணியைத் தள்ளினார்.

கடக்.

டிங் இல்ல. மாட்டிக்கிச்சு!

டென்சில் பைக்குள்ள இருந்து துப்பாக்கியை எடுத்து மடியில வெச்சுக்கிட்டார்.

"கையால செஞ்சதுன்னா கையால செஞ்சதுதான் மாப்ள," டென்சில் சொன்னார். "கடைக்காரனுக்கு வருமா இது?"

"கெட்டாலும் அல்பம் அல்பம்தான்," ராஸ்கோ விடல. ஆனா சத்தம் கொஞ்சம் கம்மி.

பீன்ஸ் இறக்கினேன். கார்ன் பிரெட்டை வெட்டினேன். எங்க வழக்கப்படி மூத்தவர்தான் ஜெபம் சொல்லணும். எல்லாரும் கண்ணை மூடினோம்.

"ஆண்டவரே, பீன்ஸுக்கு நன்றி. ரொட்டிக்கு நன்றி. ராஸ்கோ வாய்க்கு... அதை அப்புறம் பேசிக்கலாம். இருபது வருஷம் முன்னாடி ஒரு திமிர் பிடிச்சவன் இங்க ஒரு சட்டம் போட்டான். அப்ப அவன் விரல் நல்லா மடங்கும். அவனை மன்னிச்சிடும். இன்னையோட அந்தச் சட்டமும் செத்துச்சு."

எனக்கு ஒண்ணும் புரியல. ஒத்தக் கண்ணைத் திறந்து பாத்தேன். பர்ல் மூஞ்சியை பீன்ஸுக்குள்ளயே விட்டுடுவான் போல, அப்படிக் குனிஞ்சிருக்கான்.

"அப்புறம் ஆண்டவரே, கடையில புத்தம் புதுக் கருவியை வாங்கி, எனக்காக அதை வினிகர்ல ஊறப் போட்டு துருவேத்தி, அல்பம்னு பேர் வாங்கிக்கிட்டு நிக்கிற என் மச்சினனுக்கு ரொம்ப ரொம்ப நன்றி. டேப்புக்கு அடியில கடை ஸ்டிக்கரை உரிக்க மட்டும் மறந்துட்டான். ராஸ்கோ பாக்கறதுக்குள்ள உரிக்கச் சொல்லும். ஆமென்."