ஹரிணி வரைந்த எலி

"இந்த எலியை வரைஞ்சது யார் வீட்டுப் பிள்ளை?"

சிங்காரவேலு போட்ட சத்தத்தில், பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் டீ டம்ளரோடு அப்படியே நின்றார்கள்.

ஆதிலட்சுமி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். வரைந்தது அவள் மகள் ஹரிணி. சத்தம் போடுகிறவர் நிலக்கரி மைன்ஸில் ஃபோர்மேன். அவள் வீட்டுக்காரர் அவரிடம்தான் கான்ட்ராக்டில் இருக்கிறார். அவர் முகம் சுளித்தால் அடுத்த ஷிப்டுக்கு வேலை இல்லை.

வகுப்பறைச் சுவர் முழுக்கப் போர்க்காலப் படங்கள். எதிரி நாட்டுக்காரனைப் பூதமாக, பாம்பாக, குரங்காகக் காட்டியவை. எந்தச் சண்டையாக இருந்தாலும் சரி, அப்போது வந்த படங்களில் நீங்கள் பார்த்த ஒன்றைக் கையால் வரைந்து வாருங்கள், படத்தில் இருப்பது யாரென்று எழுத வேண்டாம், பார்க்கிறவர்கள் கண்டுபிடிக்கட்டும் என்று சொல்லியிருந்தார் வரலாறு டீச்சர் திலகவதி.

ஹரிணியின் பென்சில் படத்தில் ஒரு வீடு. உள்ளே ஒரு குடும்பம் தூங்குகிறது. தரைக்கு அடியில் ஓர் எலி வளை தோண்டுகிறது. அதன் தலையில் வெள்ளையாக ஏதோ கவிழ்ந்திருக்கிறது.

"ஹெல்மெட் போட்ட எலி. இது கூடவா புரியலை?" என்றார் சிங்காரவேலு. "இந்த ஊர்ல மண்ணைத் தோண்டுறது யாரு? நாங்க. மைன்ஸுக்கு நிலம் போன கடுப்புல எவனோ மைன்ஸ்காரனை எலியாக்கிட்டான். அதைக் கொண்டாந்து ஸ்கூல் சுவத்துல ஒட்டியிருக்கீங்க."

ஹரிணி வாயைத் திறந்தாள். ஆதிலட்சுமி அவள் கையைக் கிள்ளினாள்.

டீச்சர் பதறவில்லை. பிள்ளைகளிடம் கேட்கிற கேள்வியையே அவரிடமும் கேட்டார். இப்படி ஒரு படத்தை எதற்காக வரைந்திருப்பார்கள்?

"எதுக்கா? மனுஷன்னு நினைச்சா அடிக்கக் கை கூசும். எலின்னு காட்டிட்டா கூசாது. அதுக்குத்தான்."

"வரையப்பட்டவங்களைப் பத்தி இதுல என்ன தெரியுது சார்?"

"ஒரு மண்ணும் தெரியாது. வரைஞ்சவன் மனசுல இருக்கிற அழுக்குதான் தெரியுது. இதைப் பார்த்து ரசிச்சான் பாருங்க, அவன் வரைஞ்சவனைவிட மோசம்."

டீச்சர் தலையாட்டினார். பிள்ளைகள் யாரும் இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லவில்லை என்றார். அது சிங்காரவேலுவுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அதற்குள் நாலு பேர் அவர் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். பிரின்சிபாலிடம் போகலாம் என்றார் ஒருவர். டீச்சரையே மாற்ற வேண்டும் என்றார் இன்னொருவர்.

ஓரமாக நின்றிருந்த ஃபாரூக்கைத் தோளில் கை போட்டு முன்னால் இழுத்து வந்தார் சிங்காரவேலு. ஃபாரூக் பக்கத்து மந்தாரக்குப்பத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். அவர் மகளும் அதே வகுப்புதான்.

"பாய், நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. கூடவே வாழுற மனுஷனை இப்படி வரையலாமா?"

ஃபாரூக் படத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"கூடாதுங்க" என்றார்.

"பாத்தீங்களா, அவருக்கே பொறுக்கலை."

சிங்காரவேலு படத்தைச் சுவரிலிருந்து பிய்த்து, பின்பக்கம் எழுதியிருந்த ஹரிணியின் பெயரைப் படித்தார். அவள் முன்னால் போய்க் குனிந்து, யார் சொல்லிக் கொடுத்தது, உங்கப்பனா என்று கேட்டார். ஹரிணி அம்மாவைப் பார்த்தாள். கிள்ளிய இடம் சிவந்திருந்தது.

"உன் புருஷன் வேலைதாம்மா இது" என்று ஆதிலட்சுமி பக்கம் திரும்பினார். "நான் பார்த்து வேலை போட்டுக் குடுத்தா, எனக்கே வால் வரையறானா? நாளைக்கு ஷிப்டுக்கு வர வேணாம்னு சொல்லிடு."

நாலு பேர் இருக்கிற இடத்தில் ஆதிலட்சுமி வாய் திறந்ததே கிடையாது. இப்போது மகளின் கையை விட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

"அவருக்கு இது ஒண்ணும் தெரியாதுங்க சார். எம் பொண்ணும் எதையும் கூட்டி வரையல, எம் போன்ல பாத்ததைத்தான் வரைஞ்சா. எலி தலையில இருக்கிறது ஹெல்மெட் இல்லீங்க, தொழுகைக்குப் போடுற தொப்பி. எல்லையில சண்டை நடந்துகினு இருந்தப்ப, நம்ம பேரண்ட்ஸ் குரூப்புக்கு இந்தப் படத்தை அனுப்புனது நீங்கதாங்க."