மேலே மாறாத பேர்

“கீழ பேர் மாறுது, மேல மாட்டேங்குது. எல்லாக் கடிதத்துலயும் ஒரே ஆளு உட்கார்ந்திருக்காரு,” என்றான் மச்சான்.

மேனேஜரின் மச்சான். அந்தப் பார்சல் கம்பெனிக் கிளையில் அன்று இருந்தவர்கள் மூன்று பேர். மேனேஜரின் சுழல் நாற்காலியில் மச்சான். பிரின்டருக்குப் பக்கத்து முக்காலியில் கிளார்க்கம்மா. கண்ணாடி அறைக்குள், உட்கார நாற்காலி இல்லாமல், ஃபோனும் கையுமாக மேனேஜர்.

மேனேஜருக்கு மாற்றல் வரப்போகிறது. தொலைந்த பார்சல்களின் கணக்கு அப்படி. தலைமையகத்தோடு காலையிலிருந்து மன்றாடிக்கொண்டிருந்தார். உள்ளே போகும்முன் மச்சானிடம் சொல்லியிருந்தார்:

“கடிதம் இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கு. வாடிக்கையாளர் பட்டியல் எக்செல்ல இருக்கு. ரெண்டையும் சேர்த்து, ஆளுக்கொரு கடிதமா அடிச்சு மதியத் தபாலுக்குள்ள அனுப்பிடு. நான் இங்க இருந்தாதான் உனக்கு இங்க வேலை. உங்க அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்.”

வேலை தேடுவதையே வேலையாக வைத்திருந்த மச்சான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். எக்செல்லில் காலி வரிசைகளை அழித்தான். தலைப்பு வரிசையைத் திருத்தினான். கோப்பை மூடித் திறந்தான். கடைசியில் கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டான். மேலே இருந்த ஆள் அசையவில்லை.

“யாரு மேடம் இவரு?”

“கடிதத்தைப் படிச்சா தெரியும் தம்பி.”

“மேட்டரைப் படிக்கிறதெல்லாம் கிளார்க் வேலை. நாங்க ஃபீல்டை, அதான் பட்டியல்லேர்ந்து பேர் வந்து விழற இடத்தை, மட்டும்தான் பார்ப்போம்.”

“கீழ பேர் ஏன் மாறுதுன்னாவது பார்த்தீங்களா?”

“ஒழுங்கா ஓடுறதுல கை வைக்கக் கூடாது. இதான் முதல் பாடம். நீங்க டைப்ரைட்டர் காலத்து ஆளு, சொன்னாலும் புரியாது.”

கிளார்க்கம்மா ஓர் உறையை எடுத்து டைரக்டரின் தலைமையக முகவரியைக் கையால் எழுதி ஓரமாக வைத்தாள். கிளையிலிருந்து மொத்தமாக எது போனாலும் அதில் ஒரு பிரதி டைரக்டருக்குப் போக வேண்டும்; உழைப்பது அவர் கண்ணில் படட்டும் என்று மேனேஜரே போட்ட விதி.

“பிடிச்சுட்டேன்,” என்று மச்சான் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான். “மேல பேரை ஃபீல்டாவே போடல. கையால அடிச்சு வச்சிருக்காங்க. எந்த அறிவாளி அடிச்சான்னு தெரியல.”

“உங்க அத்தான்தான் அடிச்சாரு தம்பி.”

“அத்தானுக்கு என்ன தெரியும், பாவம்.”

அடித்திருந்த பேரை அழித்தான். அந்த இடத்தில் பட்டியலின் பேரைச் செருகினான். உறைகளிலும் அப்படியே. பட்டியலின் முதல் பேரான மரக்கடை முதலாளியிலிருந்து பிரின்டர் ஆளுக்கு ஒரு கடிதமாகத் துப்பத் தொடங்கியது. கிளார்க்கம்மா மடித்தாள், உறையிலிட்டாள், ஒட்டினாள். அனுப்புவது பார்சல் கம்பெனிதான் என்றாலும், போய்ச் சேர வேண்டிய கடிதங்கள் என்பதால் தபால்காரரை வரச் சொல்லியிருந்தார்கள். அவர் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கடைசி உறைக்காகக் கை நீட்டி நின்றார்.

அப்போது கண்ணாடிக் கதவு திறந்தது. மேனேஜர் முகமெல்லாம் பல்லாக நின்றார்.

“மச்சான், டைரக்டர் இறங்கி வந்துட்டாரு. வாடிக்கையாளருங்க தாங்களா என்னைப் பத்தி நல்லவிதமா அவருக்கு எழுதினா, மாற்றலை நிறுத்திடறாராம். எல்லாக் கடிதத்துலயும் மேல அவர் பேர்தானே வந்திருக்கு?”

மச்சான் தபால்காரரின் பையைப் பார்த்தான்.

“இதுல வந்திருக்கு சார்,” என்று கிளார்க்கம்மா தான் கையால் எழுதிய உறையைக் காட்டினாள்.

“அப்புறம் என்ன பார்த்துட்டு நிக்கிறீங்க? ஒட்டிக் குடுங்க.”

‘மதிப்புக்குரிய மரக்கடை முதலாளி அவர்களுக்கு’ என்று தொடங்கி, எங்கள் தங்கமான மேனேஜரை மாற்றிவிடாதீர்கள் என்று ஒரு பக்கம் கெஞ்சி, ‘இப்படிக்கு, மரக்கடை முதலாளி’ என்று முடிந்திருந்த பிரதியை நாலாக மடித்து உள்ளே வைத்து, டைரக்டரின் உறையை அழுத்தி ஒட்டித் தபால்காரர் கையில் கொடுத்தாள் கிளார்க்கம்மா.