மூன்றாவது சாவி

முதல் அடி ஹெல்மெட்டின் மேல் விழுந்தது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் அடுத்ததை அடித்தார்கள்.

கூக்கால் கிராமத்து டீக்கடை முன்னால், பட்டப்பகலில், காணாமல் போன பைக்கைத் தானே ஓட்டி வந்து ஸ்டாண்டு போட்டு நிறுத்தினான் பழனிவேல். பைக் அருண்பாண்டியனுடையது. பழனிவேல் அவனுடைய கேரட் தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவன்.

பைக் காணாமல் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து பழனிவேலும் ஊரில் இல்லை. இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. கூலிக்காரன் எங்கே போனான் என்று எவர் தேடப் போகிறார்கள்?

அவனுடைய கெட்ட நேரம், இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரணைக்கு வந்த வேலப்பன் அதே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திண்டுக்கல்லிலிருந்து வந்த மனிதர், குளிருக்கு மப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டியிருந்தார். ஊர்க்காரர்கள் அப்போதுதான் அவரிடம் சாட்சி சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பைக்கின் சாவி இரண்டும் வீட்டுக்குள்தான் இருந்தன, எவனோ பூட்டை உடைத்துத் திருடிவிட்டான் என்பது சாட்சியம். இரண்டு சாவிகளும் அவர் பக்கத்தில், டீ கிளாசுக்கு அருகில் கிடந்தன.

மூன்றாவது சாவி பைக்கில் தொங்கியது.

கூக்காலில் சாவியை யாரும் வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. வண்டியிலேயே விட்டுவிடுவார்கள். பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. யாருக்காவது ஆத்திர அவசரம் என்றால் நிற்கிற வண்டியை எடுத்துக்கொண்டு கொடைக்கானலுக்கு ஓட வேண்டியதுதான். திரும்பி வந்து, பெட்ரோல் போட்டு, பழுது இருந்தால் பார்த்து, எடுத்த இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்குத் திருட்டு என்று பெயர் கிடையாது.

ஆனால் சாவியை வண்டியில் விட்டிருந்தால் இன்சூரன்ஸ் கிடையாது என்று அருண்பாண்டியனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அவன் வத்தலக்குண்டுக்குப் போய், வீட்டில் மிச்சமிருந்த சாவியைக் காட்டி அதேபோல் இன்னொன்றை வெட்டிக்கொண்டு வந்தான். பக்கத்து வீட்டுக்காரனுக்காக ஊரே நல்ல மனதோடு பொய் சொன்னது.

இப்போது பழனிவேல் திருடன் இல்லை என்றால், கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் பொய்யர்கள். அதனால் அவன் திருடனாக வேண்டியிருந்தது.

"கள்ளச்சாவி போட்டு எடுத்திருக்கான் சார்!" என்று ஒருவன் வேலப்பனுக்குக் கேட்கும்படி கத்திவிட்டு, பழனிவேலின் வயிற்றில் உதைத்தான்.

பைக்கில் முன்விளக்கு புதிது. கிளட்ச் லீவர் புதிது. மட்கார்டில் சேறு இல்லாமல் கழுவித் துடைத்திருந்தது. திருடிய எவனும் இப்படிச் செய்வானா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை, எல்லோருக்கும் தெரியும்.

"அவசரத்துக்குத்தாங்க எடுத்தேன்," பழனிவேல் தரையில் கிடந்தபடி சொன்னான். "திரும்பி வரையில வளைவுல சறுக்கிருச்சு. அட்டுவம்பட்டியில கெடந்து மூட்டை தூக்கி, சரி பண்ணித்தாங்க கொண்டாந்திருக்கேன்." சொல்லிவிட்டு ஒரு பல்லைத் துப்பினான்.

"வண்டி கெடைச்சிருச்சுன்னா க்ளெயிம் கெடையாதுங்க," என்றார் வேலப்பன். "அடிக்காதீங்க, போலீஸ்ல ஒப்படைச்சிருங்க." பெஞ்சை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை.

க்ளெயிம் கிடையாது என்று கேட்டதும் அருண்பாண்டியனுக்குத் தலைக்கேறிவிட்டது. புது வண்டிக்குச் சொல்லி வைத்திருந்தான், எந்த நிறம் என்பது வரை ஊருக்கே தெரியும். வண்டி போன அன்று இல்லாத கோபம், அது திரும்பி வந்ததற்கு இருந்தது. டூல்ஸ் பெட்டியைத் திறந்து பெரிய ஸ்பேனரை எடுத்தான்.

"ஏலே, யாருக்குடா அவசரம்? ஒனக்குத்தான் நாதி கெடையாதே!"

பழனிவேல் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். ஸ்பேனர் தோளில் இறங்கியது. அப்போதும் யாருக்கு என்று அவன் சொல்லவில்லை. மீண்டும் அதே தோளில் இறங்கியது. உள்ளே ஏதோ முறியும் சத்தம் கேட்டு டீ மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எந்தக் கையால எடுத்த? இந்தக் கைதானே?"

இரண்டு பேர் அவன் வலது கையை இழுத்து, கடை வாசல் கல்லின் மேல் வைத்து அழுத்திப் பிடித்தார்கள். விரல்கள் விரிந்து கிடந்தன. அருண்பாண்டியன் ஸ்பேனரை ஓங்கினான்.

அவன் மனைவி சத்தியபிரியா அங்கேதான் நின்றிருந்தாள். வேலப்பன் கேட்ட ஆர்.சி. புத்தகத்தைக் கொடுக்க வந்தவள். இடது கையில் மூன்று வாரத்து மாவுக்கட்டு; போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் தனியாகத் திரும்பியிருந்தாள். குழாயடியில் வழுக்கி விழுந்துவிட்டதாக அவள் சொல்லியிருந்தாள். யார் விசாரித்தாலும் ஊரும் குழாயடி என்றே சொல்லி வந்தது.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள். புருஷனைப் பார்க்கவில்லை, கல்லின் மேல் இருந்த கையையும் பார்க்கவில்லை. நேராகப் போய், பைக்கின் பின்சீட்டில் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு இப்படித்தான் ஒக்காந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்," என்றாள். "நாந்தான் கூப்பிட்டேன்."

ஸ்பேனர் ஓங்கிய இடத்திலேயே நின்றது.

வேலப்பன் முதல்முறையாகப் பெஞ்சை விட்டு எழுந்தார். "கைக்கு என்னம்மா ஆச்சு?"

அவள் கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அன்றைக்கு அவள் வீட்டிலிருந்து வந்த அலறல் அந்தத் தெருவில் எல்லோருக்கும் கேட்டிருந்தது.

பழனிவேலின் கையை அழுத்திப் பிடித்திருந்த இருவரும் மெல்ல விட்டார்கள்.

குழாயடி என்று இந்த முறை ஒருவரும் சொல்லவில்லை.