சுவரில் தொங்கும் தெரு

கல்யாணராமன் சார் வீட்டில் தெருப்பக்கத்து அறைக்கு நானும் ஸ்தனிஸ்லாஸும் சுண்ணாம்பு அடிக்கிறோம். ஈரச் சுவரில் தூசி ஒட்டக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தியாயிற்று. ஜன்னல் பலகையில் ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அதைப் பட்டி வைத்து அடைக்கச் சொல்லியிருக்கிறார். அடைக்கப் போனவன் தற்செயலாகத் திரும்புகிறேன். எதிரே வெள்ளைச் சுவரில், பத்து மணி வெயிலோடு, மயிலாப்பூர் தெருவே தலைகீழாகத் தொங்குகிறது. பச்சை பஸ் ஒன்று சக்கரம் மேலே இருக்க ஓடுகிறது. பூக்காரம்மாவின் கனகாம்பரக் கூடை உத்தரத்துக்குக் கீழே சிவந்து அசைகிறது. "நைனா, இன்னா இது, சினிமா கொட்டாயா!" ஸ்தனிஸ்லாஸ் கத்திக்கொண்டே சுண்ணாம்பில் கலக்க வைத்திருந்த நீலத்தில் விரலைத் தோய்த்து, பூக்காரம்மாவைச் சுற்றிச் சுவரிலேயே கோடு இழுக்கிறான். கதவு திறக்கிறது; வெளிச்சம் பாய்ந்து தெரு மறைகிறது. "புதுச் சுவர்ல என்னப்பா கிறுக்கல்?" சாரின் முகம் சிவக்கிறது. "மொதல்ல கதவைச் சாத்து சார்!" என்கிறேன். சாத்துகிறார். தெரு மறுபடி சுவரில் தொங்குகிறது. "சீமையில அந்தக் காலத்து ஓவியர்கள் இருட்டறைல இப்படித்தான் கோடு இழுத்தாளாம்" என்கிறார் மெல்ல. "நம்ம கண்ணுக்குள்ளயும் தலைகீழாத்தான் விழறது. மனசுதான் நிமிர்த்திக்கறது." "நாப்பது வருசமா எனக்குள்ள ஒருத்தன் வேலை செஞ்சுக்கினு கீறானா? கூலியே கேக்கலியே சார்!" என்கிறேன். அவர் காதில் விழவில்லை. "மைதிலி, ஓடிப்போய்த் தெருவுல நில்லு!" என்று உள்ளே பார்த்துக் கூவுகிறார். மஞ்சள் புடவையில் சார் வீட்டம்மா சுவரில் தலைகீழாக வந்து நிற்கிறார். நான் பட்டியோடு ஜன்னல் பக்கம் ஒரு எட்டு வைக்கிறேன். சார் கத்துகிறார்: "அந்த ஓட்டையை அடைச்சியோ, கையை ஒடிச்சுடுவேன்!"